இரண்டு டன் மூலக்கூறு

கெட்டில் என்றதும் டீ போடும் பாத்திரம் என்று நினைக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிற்சாலையின் கெட்டில் இரண்டு ஆள் உயரம், இரண்டு டன் பிடிக்கும். உச்சியில் ஓர் ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு இறங்கும் அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை, அவ்வளவுதான் வாசல். இதற்குள் எண்ணெயிலிருந்து எடுத்த அமிலம், கிளிசரின், வெள்ளைத் தூளாக வரும் இன்னோர் அமிலம் மூன்றையும் கொட்டி, இருநூற்று முப்பது டிகிரியில் ஒரு பகல் காய்ச்சினால் பெயிண்டுக்கு உயிரான ரெசின் கிடைக்கும். இருபத்தெட்டு வருடமாக அதைக் காய்ச்சியவன் நான். போன மாதம் ஒன்பது நாள் அதற்குள்ளேயே உட்கார்ந்து, நான் காய்ச்சியதை நானே உளியால் கொத்தினேன்.

ரெசின் உள்ளேயே இறுகிப் போனால் 'செட் ஆயிடுச்சு' என்போம். எங்களிடத்தில் அதை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். செட் ஆனதைத் திரும்பச் சூடாக்கினால் உருகாது, கருகும். காரத்தை ஊற்றிக் காய்ச்சினால் சுவரில் ஒட்டியிருப்பது கரையும். ஆனால் மொத்தமாக நிற்கிற கட்டியில் அது மேல்தோலைத்தான் தின்னும். முதலில் ஓர் ஆள் இறங்கிக் கொத்தியாக வேண்டும். யார் கையில் செட் ஆனதோ அவரே இறங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் சம்பள நாளை மறந்தாலும் இதை ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

இறங்கிய முதல் நாள் வியாழக்கிழமை. இடுப்பில் கயிறு, முகத்துக்கு நேராகக் காற்று ஊதும் குழாய், பொறி பறக்காமல் இருக்கப் பித்தளை உளி, ஒரு வாளி. மேலே ஓட்டையருகே காவலுக்குக் கொட்டாவி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வயது நாற்பது, வேறு பெயர் உண்டு, ஆனால் வாய் திறந்தால் பேச்சுக்கு முன்னால் அதுதான் வரும் என்பதால் கொட்டாவி. என் உயிர் அவன் முழித்திருப்பதில் இருக்கிறது என்பதை நினைத்து அரைமணிக்கு ஒருமுறை கயிற்றை ஆட்டிப் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே ரெசின் முக்கால் உயரத்துக்குத் தேன் நிறத்தில் நின்றது. நடுவில் கலக்கியின் தண்டு அதில் புதைந்து நின்றது. கட்டியின் மேல் முட்டி போட்டால் தலை கூரையில் இடிக்கும். நிமிர முடியாது, சாய முடியாது, உளியை ஓங்கக் கை நீளாது. கொத்திய இடத்தில் கட்டைவிரல் அளவு சில்லு வரும். ஒரு வாளி நிறைய ஒரு மணி நேரம். கண்ணை மூடினால் சுவர் நாலு பக்கமும் கிட்டே வருவது போல இருந்ததால் நான் கண்ணை மூடவே இல்லை.

இதெல்லாம் என் மாப்பிள்ளையால் வந்தது என்று சொல்லத்தான் ஆசை. சொன்னால் பாதி உண்மை.

என் மாப்பிள்ளை, அதாவது என் ஒரே மகளின் கணவர், அதே தொழிற்சாலையில் லேப் வேதியியலாளர். அப்போது வேலைக்கு வந்து பத்து மாதம்தான், நிரந்தரம் ஆகியிருக்கவில்லை. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் அவர் வேதியியல் பேசுவார், நான் ரசித்துக் கேட்பேன். இருபத்தெட்டு வருடம் காய்ச்சியும் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. உப்பை எடுத்துக் காட்டி, இதில் ஓர் அணு தன் எலக்ட்ரானைக் கொடுத்தது, இன்னொன்று வாங்கிக்கொண்டது, அதனால் ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ் ஆகி இரண்டும் விடாமல் இழுத்துக்கொண்டு நிற்கின்றன என்பார். எங்கள் வீட்டில் கொடுப்பது மட்டும் எப்போதும் நான்தான் என்று என் மனைவி நடுவில் ஒரு போடு போடுவாள். வேறு சில அணுக்கள் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை, ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைப் போட்டு இரண்டையும் பொதுவில் வைத்துக்கொள்ளும். எங்கள் ரெசினில் இருப்பது அந்த ரகம் என்பார்.

அணுக்களுக்குள் அப்படி என்ன பிரியம் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"பிரியமெல்லாம் இல்ல மாமா. சேந்து நின்னா அதோட ஆற்றல் இறங்கிடும், பள்ளத்துல இறங்கி உக்காந்த மாதிரி. அப்புறம் தானா ஏறி வர முடியாது. வெளியில இருந்து யாராவது சக்தி குடுத்துத் தூக்கிவிட்டாத்தான் பிரியும்."

பிறகு என் விரல்களைப் பிடித்துக் காட்டினார். கிளிசரினுக்கு மூன்று கை, வெள்ளைத்தூளுக்கு இரண்டு கை, எண்ணெய் அமிலத்துக்கு ஒற்றைக் கை. ஒரு கை இன்னொரு கையைப் பிடிக்கும்போதெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர் கழன்று வெளியேறும். அந்தத் தண்ணீரை நான் தினமும் குழாய் வழியே பிடித்து அளந்து சாக்கடையில் கொட்டியிருக்கிறேன், அது என்ன என்று யோசித்ததே இல்லை. போதும் என்கிற இடத்தில் சூட்டை நிறுத்தாவிட்டால் எல்லாக் கையும் கிடைத்த கையைப் பிடித்து வலை பின்னி, கெட்டில் முழுவதும் ஒரே மூலக்கூறாகிவிடும் என்றார். மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்களே, இதை மட்டும் கையால் தடவிப் பார்க்கலாம் மாமா என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பெண்ணைக் கொடுத்த இடம் சரியான இடம் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தப் 'போதும்' என்கிற இடத்தை அவர் எண்ணால் கண்டுபிடிப்பார். இன்னும் யாரையும் பிடிக்காமல் சும்மா இருக்கிற அமிலக் கைகள் எவ்வளவு என்று பொட்டாஷ் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணுவார். எண் எட்டுக்கு இறங்கினால் சூட்டை நிறுத்தலாம். நான் விரலால் கண்டுபிடிப்பேன். கெட்டிலிலிருந்து ஒரு துளியைத் தகரத்தில் விட்டு, இருபது எண்ணி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்தால் நூல் வரும். நூல் ஒரு சாணில் அறுந்தால் பதம். முழங்கை வரைக்கும் அறாமல் வந்தால் காரியம் கெட்டது. அதனால் தொழிற்சாலையில் எனக்கு நூல்காரர் என்று பெயர்.

எண்ணும் நூலும் ஒத்துப் போனவரைக்கும் வம்பில்லை. கெட்டில் செட் ஆவதற்கு ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒருநாள் ஒத்துப் போகவில்லை. அவருடைய எண் இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும் என்றது, என் நூல் இப்போதே நிறுத்து என்றது. நான் நிறுத்தினேன். நான்தான் சரி. அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? டீ நேரத்தில் இருபது பேர் நடுவே, படிப்புக்கு ஒரு சான்றிதழ், என் விரலுக்கு ஒரு சான்றிதழும் இல்லை, ஆனால் பேட்சைக் காப்பாற்றியது எது என்று கேட்டேன். சிரித்தவர்களில் மேனேஜரும் ஒருவர். மாப்பிள்ளை டம்ளரை வைத்துவிட்டு லேபுக்குப் போனார். ஒரு வாரத்தில் என் மகள் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

நாலு மாதம் இருந்தாள். அவர் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாராம். கேட்டால் உங்க அப்பாவிடம் கேள், அவருக்குத்தான் எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாராம். எனக்குக் குற்றவுணர்வு இருந்தது என்பது உண்மை. மகள் மறுபடியும் நம் வீட்டில் நடமாடுகிறாள், காலையில் அவள் குரல் கேட்கிறது என்று மனதுக்குள் இனித்ததும் உண்மை. பிறகு அவரே வந்து கூப்பிட்டார். போவதற்கு முன்னால் அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க சரியா இருந்ததெல்லாம் போதும்பா. இனிமே நாலு பேர் முன்னாடி அவரைத் திருத்தாதீங்க. என்ன ஆனாலும் சும்மா இருங்க."

சரி என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அவள் போன இருபதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. மேனேஜர் புதிதாக வந்த இரண்டு பெயிண்ட் வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு கெட்டில் மேடையில் நின்று பெருமை பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை லேபிலிருந்து சீட்டோடு மேடை ஏறி வந்தார். எண் பதினாலில் நிற்கிறது, இன்னும் முக்கால் மணி நேரம் ஓடட்டும் என்று வியாபாரிகளுக்கும் கேட்கும்படி சொன்னார். எங்கள் லேப் எவ்வளவு துல்லியம் என்று மேனேஜர் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் நான் துளியை விரலில் வைத்து இழுத்திருந்தேன். நூல் என் முழங்கையைத் தாண்டியும் அறவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கையை நூலோடு முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். சரிங்க மாப்ள என்றேன்.

அவர்கள் மேடையில் பத்து நிமிடம் நின்றார்கள். இன்னொரு தடவை சோதித்துப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்; அதுவே திருத்துவதுதான், அதுவும் யார் முன்னால். மாப்பிள்ளை தானாகவே கெட்டிலுக்குள் எட்டிப் பார்ப்பார் என்று காத்தேன். பார்க்கவில்லை. அவர்கள் இறங்கியதும் ஓடிப் போய்ச் சூட்டை அணைத்தேன், அதற்குள் ரெசின் கலக்கியின் தண்டைப் பற்றிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கியிருந்தது. கரைப்பானை ஊற்ற வால்வைத் திறப்பதற்குள் மோட்டார் ஒரு முனகல் முனகி நின்றது. பிறகு மேடை முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

மேனேஜர் திரும்பி ஓடி வந்து என்ன ஆச்சு என்றார். மாப்பிள்ளை அவருக்குப் பின்னால் முகம் வெளுத்து நின்றார். என் மகளின் பெட்டி மறுபடியும் என் வீட்டு வாசலில் இருப்பது என் மனக்கண்ணில் தெரிந்தது. சூடு இருநூற்று ஐம்பத்தைந்துக்கு ஏறிவிட்டது, நான் கவனிக்கவில்லை என்றேன். பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன். திங்கட்கிழமை விசாரணை, அதற்குள் கொத்தத் தொடங்கு என்றார் மேனேஜர். விசாரணையில் குற்றம் என் மேல் நின்றால் கெட்டில் என் கையைவிட்டுப் போகும். லேப் மேல் நின்றால் மாப்பிள்ளைக்கு வேலை போகும். நிரந்தரம் ஆகாத ஆளை அனுப்ப ஒரு தாள் போதும்.

வெள்ளிக்கிழமை இடுப்பளவு பள்ளம் தோண்டியிருந்தேன். இப்போது கட்டியின் மேல் அல்ல, கட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் தேன் நிறம். எந்தப் பக்கம் தொட்டாலும் அது ஒரே மூலக்கூறு என்பது ஞாபகம் வந்து வேர்த்தது. இடது பக்கம் நான் கொத்துகிற அணுவும் வலது பக்கம் என் முதுகு உரசுகிற அணுவும் கை கோத்திருக்கின்றன. இதற்கு ஓர் ஓரம் இல்லை, மடிப்பு இல்லை, எங்கே தட்டினால் பிளக்கும் என்று ஓர் இடம் இல்லை. ஒரு தடவை மூச்சு முட்டி, கயிற்றை வேகமாக ஆட்டினேன். கொட்டாவி எட்டிப் பார்த்து, என்ன நூல்காரரே, உள்ளே கொசுவா என்றான். அவன் முகம் அந்த வட்டத்தில் தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் அந்த வட்டத்தில் வேறு முகம் தெரிந்தது. மாப்பிள்ளை கொட்டாவியைச் சாப்பிட அனுப்பிவிட்டு, சாம்பிள் எடுக்க வேண்டும் என்று மேலே இருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டு, உள்ளே இறங்கினார். ஓர் ஆளுக்கே இடமில்லாத பள்ளம். அவர் முட்டி என் முட்டியில் இடித்தது, இரண்டு பேரின் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மாமனாரும் மாப்பிள்ளையும் அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வாங்க மாப்ள என்றேன், வீட்டுத் திண்ணையில் உட்கார வைப்பது போல. பழக்கதோஷம்.

"தப்பு என்னோடது மாமா. பொட்டாஷ் பாட்டில் பழசு. லேபிள்ல இருக்கற வலு அதுல இல்ல. செவ்வாக்கிழமை சாயங்காலமே கண்டுபிடிச்சுட்டேன்."

கரைசலுக்கு வலு குறைந்தால் அதிகச் சொட்டு பிடிக்கும், சும்மா இருக்கும் கைகள் நிறைய இருப்பது போல எண் கூடிக் காட்டும். உண்மையில் எண் ஏழுக்கும் கீழே போயிருந்தது என்றார். பாட்டிலைச் சாட்சிக்கு லேப் அலமாரியின் கீழ்த்தட்டில் தனியாக வைத்திருக்கிறார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேனேஜரிடம் அதைக் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறார். வேலை போகும், போகட்டும். தூரத்து ஊரில் பசை செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவருடைய நண்பன் கூப்பிடுகிறான். என் மகளும் வரத் தயார் என்று சொல்லிவிட்டாள்.

நான் அவசரமாக, அதெல்லாம் வேண்டாம் மாப்ள, நான் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான், என் தலையில் போகட்டும், நீங்கள் நிம்மதியாக இருங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை ஒரு துளியும் இல்லை.

"நூல் பாத்திருப்பீங்க. கைய முதுகுக்குப் பின்னாடி வச்சிருந்தீங்க, நான் கவனிச்சேன். தெரிஞ்சே விட்டுட்டீங்கல்ல? நான் மாட்டணும்னுதானே?"

சத்தியமாக இல்லை என்று ஆரம்பித்தேன். மகளுக்குக் கொடுத்த வாக்கு, மேனேஜர் நின்றது, வியாபாரிகள் நின்றது என்று அடுக்கினேன். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் என் மனதின் ஒரு மூலையில், படட்டும், படிப்பு என்ன கிழிக்கிறது பார்க்கலாம் என்று ஒரு குரல் இருந்தது. ஒரு சாண் தூரத்தில் அவர் கண் என் கண்ணில் இருக்கும்போது அந்தக் குரல் எனக்கே கேட்டது. உளியின் முனையைத் துடைக்கத் தொடங்கினேன்.

அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கோபம் கூட அடங்கிவிட்டது. களைத்துப் போன குரலில் சொன்னார்.

"திங்கக்கிழமை நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க மாமா. உங்க தயவுல நான் வாழ முடியாது. ஒவ்வொரு நாளும் உங்க முகத்தப் பாத்து நன்றி சொல்லிக்கிட்டு இருக்கணும். எங்களப் போக விடுங்க."

கயிறு இல்லாமலேயே கையை ஊன்றி மேலே ஏறிப் போய்விட்டார். சின்ன வயசு, தோள் லேசாக நுழைந்தது. நான் உள்ளேயே இருந்தேன். தூரத்து ஊர் என்று அவர் சொன்னது மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. ரயிலில் ஒன்றரை நாள். வருடத்துக்கு ஒருமுறை வருவாள், இரண்டு நாள் தங்குவாள், போகும்போது கையசைப்பாள். அந்த மனிதர் கேட்டதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. அவர் கேட்டதைக் கொடுக்க வேண்டியதுதான் நியாயம். இதையெல்லாம் தெளிவாகத்தான் யோசித்தேன்.

மாலை நாலு மணிக்கு ஏறி வந்தேன். சனிக்கிழமை லேபை மூன்றரைக்கே மூடிவிடுவார்கள், சாவி காவலாளியிடம் இருக்கும். கையில் ரெசின் ஒட்டியிருக்கிறது, லேபில்தான் நல்ல கரைப்பான் இருக்கிறது என்றேன். இருபத்தெட்டு வருட ஆளிடம் யார் கேள்வி கேட்பார்கள்? அலமாரியின் கீழ்த்தட்டில் பாட்டில் இருந்தது. தேதி, நேரம், வலு எல்லாம் மாப்பிள்ளையின் அழகான கையெழுத்தில் எழுதி, கழுத்தில் நூல் கட்டி ஒரு சீட்டு தொங்கியது. பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டு மூன்று முறை அலசினேன். சீட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பாட்டிலை மற்றப் பாட்டில்களோடு காய வைத்தேன். கொஞ்சமும் அவசரப்படவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே மேனேஜரின் அறைக்குப் போய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். கவனக்குறைவால் சூடு ஏறியது, லேபின் மேல் தவறில்லை. அதோடு இன்னொன்றும் சொன்னேன். என் மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, என்னைக் காப்பாற்றப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளப் பார்ப்பார், அதை மட்டும் நம்பிவிடாதீர்கள் என்றேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வந்தார். சாட்சியாக நானும் கொட்டாவியும் சுவரோரம் நின்றோம். அவர் நேராக நின்று, பாட்டில் பழையது, எண் தவறு, தவறு முழுக்க என்னுடையது என்றார். பாட்டில் எங்கே என்று மேனேஜர் மென்மையாகக் கேட்டார். எடுத்து வருகிறேன் என்று போனவர் திரும்பி வரக் கால்மணி நேரம் ஆனது. காய்ந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். வசவோ அழுகையோ வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் பாட்டிலை மேனேஜரின் மேசையில் வைத்தார்.

"சார், நான் சொல்றதுதான் உண்மை. நம்புங்க" என்றார் கடைசியாக.

மேனேஜர் எழுந்து வந்து அவர் தோளில் தட்டினார். இந்தக் காலத்தில் மாமனாருக்காக இப்படி நிற்கிற பிள்ளையைப் பார்த்ததில்லை என்றார். கொட்டாவி அன்றைக்குக் கொட்டாவியே விடாமல் மூக்கை உறிஞ்சினான். அடுத்த வாரமே மாப்பிள்ளைக்கு நிரந்தர ஆணை வரும் என்று மேனேஜர் அங்கேயே அறிவித்தார். என்னைக் கெட்டிலிலிருந்து எடுத்து, காலி டிரம்களை உருட்டி அடுக்குகிற வேலைக்கு மாற்றினார், மிச்சக் கட்டியையும் கொத்தி முடித்த பிறகு. வெளியே வந்தால் தொழிற்சாலையே எங்களைச் சூழ்ந்துகொண்டது. அப்படி ஒரு மாமனார், இப்படி ஒரு மாப்பிள்ளை என்றார்கள். யாரோ அவரை முன்னால் தள்ளி, சொல்லுங்கள், மாமாவிடம் ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள்.

"நன்றி மாமா" என்றார்.

அன்று மாலை நான் வீட்டில் கை விரல்களில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மகள் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். அம்மா எங்கே என்று கூடக் கேட்கவில்லை, எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பாட்டிலக் கொட்டினது நீங்கதானேப்பா?"

நான் விரலைச் சுரண்டினேன்.

"வந்ததுல இருந்து செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். வாங்க, எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிடலாம்னேன். எனக்காக உங்க அப்பா டிரம் உருட்டப் போறாரு, இப்ப விட்டுட்டுப் போனா ஊர் காறித் துப்பாதான்னு கேக்கறார். இனிமே நாங்க எங்கயும் போக முடியாது. உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சின்ன வயதிலிருந்தே என் பொய்யை என் முகத்தில் படித்துவிடுகிறவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது. அவளுடைய கண்ணைப் பார்க்க முடியவில்லை. ஆனால் சந்தோஷமும் இருந்தது, அதை நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன்.

"நாளைக்கும் வருவியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டாள்.

"வருவேன்பா. வேற எங்க போவேன்?" என்றாள்.